கோடை வகுப்புக்கு அனுப்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளியில் படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ சில வாரங்கள் தங்கிப் படிக்கும் வகுப்புகளைப் பற்றி இந்த முறை மூன்று கடிதங்கள் வந்துள்ளன. மூன்றும் சேலம் மாவட்டத்திலிருந்தே வந்தவை என்பதால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மகள் சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடைபெறும் இரண்டு வாரக் கோடைப் பயிற்சிக்கு அவள் பரிந்துரைக்கப்பட்டிருப்பதாக மின்னஞ்சல் வந்துள்ளது. விமானக் கட்டணமும் சேர்த்து 7 இலட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நகையை அடகு வைத்தாவது அனுப்பிவிட வேண்டும் என்பது என் ஆசை, அவர் தயங்குகிறார். இப்போது போய் வந்தால் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது எளிதாகுமா?
— ஒரு தாய், சேலம்

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம், அம்மா. மகளுக்கு நல்லது செய்ய நினைக்கும் தங்கள் மனத்தைக் குறை சொல்வதற்காக இதை முதலில் எழுதவில்லை; மற்றவற்றைப் படித்து முடிப்பதற்குள் யாரேனும் முன்பணம் கேட்டு அவசரப்படுத்திவிடக் கூடாதே என்ற கவலையால்தான் எழுதுகிறேன்.

கோடையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விடுதிகளும் வகுப்பறைகளும் பெரும்பாலும் காலியாக இருக்கும். அவற்றை வெளி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்துத் தம் சொந்தப் பயிற்சிகளை நடத்துவது அங்கே வழக்கம். கட்டடம் பல்கலைக்கழகத்துடையது என்பதால் அதன் படத்தை விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்கள். பாடம், ஆசிரியர், சான்றிதழ் ஆகிய எதற்கும் பல்கலைக்கழகம் பொறுப்பாக இருக்காது. தங்களுக்கு வந்தது அவ்வகையா என்று அறிய, அந்தப் பயிற்சியைப் பற்றிய விவரம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்துக்குள்ளேயே இருக்கிறதா, பணம் யார் பெயருக்குப் போகிறது, பாடம் நடத்துவோர் யார் என்ற மூன்றையும் பாருங்கள். அதைவிட முக்கியமானது, மகளிடம் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது. ஒரு கட்டுரையோ ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமோ ஒரு கணக்குக்கு விடையோ கேட்காமல் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொல்பவர்கள், உண்மையில் பணம் கட்டக்கூடிய ஒரு குடும்பத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் வகுப்பாக இருந்தாலும் இடம் கிடைப்பது எளிதாகிவிடாது. இத்தகைய வகுப்பில் சேர்வது பின்னர் நடைபெறும் இளநிலைப் பட்டச் சேர்க்கையில் எந்த முன்னுரிமையும் தராது என்று பல பல்கலைக்கழகங்கள் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன. பெயர் பெற்ற சில பல்கலைக்கழகங்களின் இரண்டு வார வகுப்புக்குக் கட்டணம் மட்டுமே 6,000 டாலருக்கு மேல் இருக்கிறது. விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். பின்னர் பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் கிரெடிட் தரும் படிப்பாகவோ வாரத்துக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாத முழுநேரப் படிப்பாகவோ இருந்தால் சுற்றுலா விசா போதாது, மாணவர் விசா வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க வகுப்புகள் பெரும்பாலும் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் நடைபெறுகின்றன; அப்போது நம் பள்ளிகள் திறந்து, தங்கள் மகளுக்கு 12ஆம் வகுப்புப் பாடம் தொடங்கியிருக்கும். பல தனியார் பள்ளிகள் மே மாதத்திலேயே சிறப்பு வகுப்பு என்று அழைத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் எந்தக் கோடைச் சான்றிதழுக்கும் இடமில்லை. மருத்துவத்துக்கு நீட், ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. என்று அவற்றுக்கும் தனித்தனி வாசல்கள் இருக்கின்றன. தாங்கள் சொல்லும் 7 இலட்சம் ரூபாய், ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகளுக்கும் கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு.

ஆகவே கோடை வகுப்புகள் அனைத்துமே வீண் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் நடைபெறும் புரோமிஸ் என்ற கணித முகாமும், 1957இல் ஆர்னால்டு ராஸ் தொடங்கிய ராஸ் கணித முகாமும் விண்ணப்பத்தோடு கடினமான கணக்குகளை அனுப்பி, மாணவர் அவற்றோடு எவ்வளவு மல்லுக்கட்டினார் என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றன. 1984இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஐ. என்ற ஆறு வார ஆய்வு முகாம் கல்விக்கோ தங்குவதற்கோ கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ நூறு பேருக்கு மட்டுமே அங்கே இடம். நம் நாட்டிலேயே இந்திய அரசின் இன்ஸ்பயர் திட்டத்தின்கீழ், 10ஆம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று 11ஆம் வகுப்பில் அறிவியல் படிப்போருக்காக ஐந்து நாள் முகாம்கள் கல்லூரிகளில் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. மகளின் பள்ளியில் இது குறித்து விசாரியுங்கள்.

தங்கள் கடிதத்தில் என் மனத்தில் நின்றது பட்டறைதான். நல்ல முகாம்களின் விண்ணப்பங்களில், உன்னைத் துளைக்கும் கேள்வி எது என்பதுபோல் ஒன்றைக் கேட்பதுண்டு. தூய வெள்ளி உருகுவதற்கு 961 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அப்படியிருக்க, கொலுசின் கண்ணிகளை ஒட்ட வைக்கும் பொடி மட்டும் முன்னதாக உருகி ஓடி, கண்ணி உருகாமல் நிற்பது எப்படி? அந்தப் பொடியில் வெள்ளியோடு என்னென்ன சேர்க்கிறார்கள், எவ்வளவு சேர்க்கிறார்கள், வெங்காரம் (போராக்ஸ்) தடவாவிட்டால் ஏன் பற்றுவதில்லை? அப்பாவின் பக்கத்தில் ஒரு மே மாதம் உட்கார்ந்து, விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்தால், அது அவள் வேதியியல் பாடத்தின் உலோகவியல் பகுதிக்கு உயிர் கொடுக்கும். பிற்பாடு எந்த முகாமுக்கு விண்ணப்பித்தாலும் அவளிடம் சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கும். நெருப்பும் அமிலமும் இருக்கும் இடம் என்பதால் அவர் உடனிருக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன். தங்கள் கணவரின் தயக்கத்தை அக்கறைக் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: நான் ஏற்காடு மலையில் ஓர் அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். இஸ்ரோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதாக எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னார். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப அம்மா பயப்படுகிறார். நான் விண்ணப்பிக்கலாமா?
— ஒரு மாணவி, ஏற்காடு

பதில்: கட்டாயம் விண்ணப்பி, மகளே. உன் டீச்சர் சொன்னது யுவிகா என்னும் இளம் விஞ்ஞானி திட்டம். 2019இல் தொடங்கிய இத்திட்டம், பெருந்தொற்றுக் காலத்தில் நின்று, 2022இல் மீண்டும் நடைபெற்றது. பயிற்சி நடைபெறும் ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதியன்று 9ஆம் வகுப்பில் இருப்போர்தான் இதில் சேரலாம். ஆகவே உனக்கு வாய்ப்பு இந்த ஒரு தடவைதான். அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். பயிற்சி மே மாதத்தில் இருக்கும்.

8ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத் தேர்வில் பெரிய பங்கு உண்டு. அதனுடன் இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் இயக்கம் போன்றவற்றுக்கும் மதிப்பெண் தருகிறார்கள். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்போருக்குத் தனியாகக் கூடுதல் மதிப்பெண் இருக்கிறது. மலையில் பிறந்ததைக் குறையாக நினைத்து இந்த வரியைப் பார்க்காமல் விட்டுவிடாதே. தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட மதிப்பெண் சான்றைப் பிப்ரவரிக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள். வினாடி வினாவைக் கைப்பேசி சிக்னல் வந்து போகும் வீட்டிலிருந்து எழுத வேண்டாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் எழுத அனுமதி கேள்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டு: தங்கும் இடம், உணவு, பாட நூல், பயணம் ஆகிய செலவுகளை இஸ்ரோவே ஏற்கிறது. கொண்டுவந்து விடவும் திரும்ப அழைத்துப்போகவும் உடன் வரும் பெற்றோர் ஒருவருக்கும் ரயில் கட்டணம் தருகிறார்கள். பயிற்சி நடைபெறும் மையங்களுள் திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு ஆகியவை உண்டு. அம்மா கூடவே வந்து, நீ தங்கப்போகும் இடத்தைத் தம் கண்ணால் பார்த்த பிறகு திரும்பலாம்.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அறிவியல் புத்தகத்தில் சுற்றுப்பாதை, ஈர்ப்பு, எரிபொருள், உந்துவிசை என்று வரும் சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லைப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வா. இருநூறு சொல் தெரிந்தால் அங்கே நடக்கும் வகுப்பில் பெரும்பகுதி புரியும். மீதியைக் கேட்கக் கூச்சப்படாதே. கேள்வியைத் தமிழில் யோசித்து, தெரிந்த ஆங்கிலத்தில் உடைத்துக் கேட்டாலும் அதற்கு மறுமொழி கிடைக்கும்.

கேள்வி: நான் ஆத்தூரைச் சேர்ந்தவன். 10ஆம் வகுப்பு முடித்த விடுமுறையில் பெங்களூருவில் ஆறு வாரக் கணித முகாமுக்குப் போய்விட்டு வந்தேன். எங்கள் பள்ளியில் கணக்கில் நான்தான் முதல். அங்கே நான்தான் கடைசி என்று தோன்றியது. நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பதை நிறுவச் சொன்னார்கள். முகாம் முடியும்வரை என்னால் முடியவில்லை. திரும்பி வந்ததிலிருந்து பள்ளிக் கணக்கும் பிடிக்கவில்லை. போகாமலே இருந்திருக்கலாமோ?
— ஒரு மாணவர், ஆத்தூர்

பதில்: தம்பி, முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் மாணவர்களுள் 200க்கு 200 வாங்கிவிட்டுக் கல்லூரிக்குப் போன சிலர், முதல் பருவத்தேர்விலேயே உன்னைப்போல் உடைந்துபோய் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உனக்கு அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாக, மதிப்பெண் எதுவும் போகாத இடத்தில் நேர்ந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த பிள்ளைகள் மட்டுமே கூடியிருந்த அறையில் கடைசி என்று தோன்றியதைக் கொண்டு உன்னை அளக்க வேண்டாம். அந்த அறையில் இருந்த பலருக்கும் இரவில் அதே எண்ணம்தான் வந்திருக்கும்.

உன்னால் நிறுவ முடியாத அந்தக் கணக்கின் கதையைக் கேள். 5 என்பது 1 + 4, 13 என்பது 4 + 9, 17 என்பது 1 + 16. ஆனால் 7, 11, 19 ஆகியவற்றை அப்படி எழுத முடிவதில்லை. இதனைப் பெர்மா என்ற கணித அறிஞர் 1640இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார்; முழு நிறுவலை அவர் வெளியிடவில்லை. பின்னால் வந்த கணித அறிஞர் ஆய்லர் அதை நிறுவி முடித்தபோது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன, அதுவும் அவர் பல ஆண்டுகள் விட்டு விட்டு முயன்ற பிறகு. அத்தகைய ஒன்றை ஆறு வாரத்தில் முடிக்காததற்காக உன்மேல் நீயே கோபப்படலாமா?

பள்ளிக் கணக்கு பிடிக்காமல் போனதுதான் நான் கவலைப்படும் இடம். முகாமில் விடையை யாரும் சொல்லித் தரவில்லை, பள்ளியில் விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் சலிப்பு வருகிறது. ஆனால் 11ஆம் வகுப்பில் வரும் கணிதத் தொகுத்தறிதலையும் ஈருறுப்புத் தேற்றத்தையும் அந்த முகாமின் கண்ணோடு பார்த்தால் அவை வெறும் தேர்வுப் பாடங்களாகத் தெரியமாட்டா. 12ஆம் வகுப்பில் கலப்பெண்கள் வரும்போது, a + bi என்ற வடிவில் a, b இரண்டும் முழு எண்களாக இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் 5ஐக் காரணிப்படுத்த முடிகிறதா, 7ஐ முடிகிறதா என்று பார். உன் பழைய கணக்கு அங்கே உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அதுவரை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் முகாம் நோட்டை எடு. முகாமில் பழகிய நண்பர் ஒருவருக்கு, எந்த வரியில் நின்றுவிட்டாய் என்பதை மட்டும் எழுதி அனுப்பு. பள்ளியில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, 100க்குள் இருக்கும் பகா எண்களை, இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிபவை, முடியாதவை என இரு வரிசையாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். நிறுவலை நீ சொல்ல வேண்டாம், அவர்கள் என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று கேள்.