ஸ்விங்லி லூத்தரின் சீடரா? – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் சபையில் சீர்திருத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க, கத்தோலிக்க சபையை எதிர்த்து ஜெர்மனியில் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூத்தர்தான். ஸ்விங்லியின் பெயர் ஒரே ஒரு முறை வந்தது, 'லூத்தரைப் பார்த்து சுவிட்சர்லாந்தில் அதையே செய்தவர்' என்று. அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதானா?

உங்கள் வாசகன், நாசரேத்

அன்புள்ள நண்பருக்கு,

சீடராக இருந்திருந்தால் 1529இல் ஜெர்மனியின் மார்பூர்க் கோட்டையில் குருவோடு அப்படி மல்லுக்கு நின்றிருப்பாரா?

லூத்தர் மடத்தில், தன் பாவம் தீருமா என்ற தவிப்பில் தொடங்கியவர். ஸ்விங்லி ஊர்ப் பாதிரியார். கிளாருஸ் என்ற சுவிஸ் ஊரில் அவர் ஞானஸ்நானம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் போப்புக்கும் மன்னர்களுக்கும் கூலிப்படையாகப் போனார்கள். அந்தப் படையோடு பாதிரியாராக இத்தாலிக்கும் போனார். 1515இல் அங்கே மரிஞானோ போரில் சுவிஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிள்ளைகளைச் சண்டைக்கு விற்கும் அந்த வியாபாரத்தைக் கடைசிவரை அவர் விடாமல் எதிர்த்தார்.

1519 ஜனவரி 1ஆம் தேதி சூரிக் பெரிய கோயிலில் பொறுப்பேற்றதும், வழக்கமான வாசகப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு மத்தேயுவை முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் பிரசங்கித்தார். 1522இல், இறைச்சி தின்னக்கூடாத லெந்து நாட்களில் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் இரண்டு சாசேஜைத் துண்டு போட்டுத் தின்றார்கள். ஃப்ராங்க்பர்ட் சந்தைக்குள் புத்தகம் முடியவேண்டும், ராப்பகலாக வேலை, வெறும் கூழ் குடித்தால் தாங்காது என்பது நகரசபைக்கு ஃப்ரோஷவர் சொன்ன சமாதானம். ஸ்விங்லியும் அங்கேதான் இருந்தார், ஆனால் வாயில் வைக்கவில்லை! அப்புறம் தின்றவர்களுக்காகப் பிரசங்கம் செய்து அதை அச்சிலும் போட்டார். அடுத்த ஜனவரியில் நகரசபையே விவாதம் கூட்டி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்த நகரசபைதான் அவருடைய பலம், கறையும் அதுதான். குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லை என்று அவரிடம் படித்த இளைஞர்களே கிளம்பினார்கள். அவர்களில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் கையைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். ஸ்விங்லி தடுக்கவில்லை. காலம் அப்படி என்று சிலர் சொல்வதுண்டு, எனக்கு ஒப்பவில்லை. கூலிச் சண்டையை எதிர்த்தவர் கடைசியில் கத்தோலிக்க மாநிலங்களோடு நடந்த போரில், 1531இல் காப்பெலில், 47 வயதில் செத்தார்.

சரி, மார்பூர்க். 15 அம்சங்களில் 14இல் ஒத்துப்போனார்கள், இடித்தது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மட்டும். அப்பத்தைக் காட்டி இயேசு சொன்ன 'இது என் சரீரம்' என்பதை மேசையில் சாக்பீஸால் எழுதிவைத்துக்கொண்டு லூத்தர் அசையவில்லை. 'இது என் சரீரத்தைக் குறிக்கிறது' என்பதே பொருள், விருந்து நினைவுகூருதல் என்றார் ஸ்விங்லி. உங்கள் பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே சபையில் அப்பம் பிட்கும்போது, 'இது ஞாபகார்த்தம்' என்று பாஸ்டர் சொன்னால் அவர் லூத்தரை விட்டு ஸ்விங்லி பக்கம் நிற்கிறார். அதே பாஸ்டர் வளர்ந்தவர்களுக்கு முழுக்கு ஞானஸ்நானமும் கொடுக்கிறார். 1527இல் சூரிக்கில் அதைச் செய்திருந்தால் அவரையும் ஆற்றில் போட்டிருப்பார்கள்.