லிம்போபோவில் வேட்டை, கும்பகோணத்தில் கல்யாணம்: துப்பாக்கியை என்ன செய்வது?

கேள்வி: ஹூஸ்டனில் கிரீன் கார்டுடன் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நண்பர்களோடு தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்துக்குக் குடு மான் வேட்டைக்குப் போகிறோம். என்னுடைய .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைக் கொண்டுபோக ஆசை. அங்கிருந்து நேராகச் சென்னை. ஆவணி முகூர்த்தத்தில் கும்பகோணத்தில் அக்கா மகள் கல்யாணம். செப்டம்பர் முதல் வாரம் ஹூஸ்டன் திரும்புவேன். துப்பாக்கியைச் சென்னை கஸ்டம்ஸில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம், எல்லாப் பேப்பரையும் தானே பார்த்துக்கொள்வதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எச்-1பி விசாவில் இருக்கும் என் மச்சானும் தன் துப்பாக்கியோடு வருகிறார். அதையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: இந்தப் பயணத்துக்கு உங்கள் ரைஃபிள் வேண்டாம். வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். லிம்போபோவில் வேட்டைக்கு ஏற்பாடு செய்பவர்கள் நல்ல ரைஃபிளை நாள் வாடகைக்குத் தருவார்கள், தோட்டாவும் அவர்களிடமே கிடைக்கும். சொந்தத் துப்பாக்கியால்தான் சுட வேண்டும் என்றால், வேட்டை முடிந்து துப்பாக்கியோடு ஹூஸ்டன் திரும்பி, அதை வீட்டில் வைத்துவிட்டு, வேறு டிக்கெட்டில் சென்னை போங்கள். மூன்றாவது வழி கிடையாது. ஏஜென்ட் சொல்வது வழியே அல்ல.

முதலில் அவர் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். இந்தியச் சுங்கச் சட்டம் 1962-ல் 80-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நாட்டுக்குள் கொண்டுவர முடியாத பொருளைப் பயணி உண்மையாக அறிவித்தால், அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போது கொடுக்கலாம் என்கிறது அது. உங்கள் ஏஜென்ட் இதைக் காட்டித்தான் ஆசை காட்டியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டது ஆயுதச் சட்டம் 1959-ஐ. அதன் 10-வது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் ஒரு துப்பாக்கியை இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். கஸ்டம்ஸ் கவுன்டர் வரை போய்ச் சேருவதற்குள் குற்றம் நடந்து முடிந்திருக்கும். விளையாட்டுக்காகத் துப்பாக்கி கொண்டுவரும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு அதே பிரிவில் ஒரு சலுகை உண்டு. இந்திய பாஸ்போர்ட்டோடு கல்யாணத்துக்கு வரும் தாய்மாமனுக்கு அது பொருந்தாது. இது போக, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் இடையில் ஒரு நாட்டில் இறங்கி ஏற வேண்டும். அந்த நாட்டின் அனுமதி தனி, விமான நிறுவனத்தின் முன்அனுமதி தனி. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் இதில் எதையும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. மாட்டுவது உங்கள் பெயர், உங்கள் பாஸ்போர்ட். அவர் பெயர் எந்தப் பேப்பரிலும் இருக்காது.

துப்பாக்கிப் பயணத்தில் ஏஜென்ட்டால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. முக்கியமான இரண்டு இடங்களில் துப்பாக்கிக்காரர் நேரில் நின்றே ஆக வேண்டும். மூன்றாமவர் கையெழுத்து செல்லாது. ஒன்று அமெரிக்காவில், ஒன்று ஜோகன்னஸ்பர்க்கில்.

அமெரிக்காவில் வாங்க வேண்டியது 4457 என்ற படிவம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் சொந்தப் பொருளுக்கான பதிவுச் சான்று. அமெரிக்க சுங்கத்துறையான சி.பி.பி.யின் அலுவலகத்தில் தருவார்கள், கட்டணம் இல்லை. துப்பாக்கியை நேரில் காட்ட வேண்டும். போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் பெட்டியில் பூட்டிக் காரிலேயே விட்டுவிட்டு, முதலில் வெறுங்கையோடு உள்ளே போய் விஷயத்தைச் சொல்லுங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். சீரியல் எண்ணைக் கடை பில்லைப் பார்த்து எழுதாதீர்கள். துப்பாக்கியின் மேல் பொறித்திருப்பதைப் பார்த்து எழுதுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஜோகன்னஸ்பர்க்கில் அது வேறு துப்பாக்கிதான். ஸ்கோப்பையும் அதே படிவத்தில் சேர்த்துவிடுங்கள். மீதி வெற்று வரிகளைக் குறுக்கே கோடிட்டு அடிக்கச் சொல்லுங்கள். "பில் இருந்தால் போதும், 4457 எதற்கு" என்பார்கள் சிலர். அமெரிக்காவில் உங்கள் ரைஃபிளுக்கென்று மத்திய அரசு லைசென்ஸ் எதுவும் தருவதில்லை. அதனால்தான் தென்னாப்பிரிக்கப் போலீஸ் இந்தப் படிவத்தையே உரிமைச் சான்றாக ஏற்கிறது. பில்லை ஏற்பதில்லை.

இந்தப் படிவத்தின் மேல் மூலையில் ஒரு காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். அது படிவத்தின் அச்சுப் பதிப்புக்கான தேதி. உங்கள் சான்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எழுத்து படிக்கும்படி இருக்கும் வரை சான்று செல்லும் என்பது அமெரிக்க சுங்கத்துறையின் நிலை. ஆனால் ஜோகன்னஸ்பர்க் கவுன்டரில் இருப்பவர் அந்தத் தேதியைப் பார்த்து, "உன் லைசென்ஸ் முடிந்துவிட்டதே" என்கிறார். இரண்டு அரசுகளுக்கும் தெரிந்த குழப்பம் இது. அந்த மூலையில் ஒரு வரி விளக்கம் அச்சடித்தால் தீர்ந்துவிடும். அதைச் செய்யாமல், பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்து இறங்கிய பயணியின் தலையில் கட்டுகிறார்கள். எனவே பழைய 4457 வைத்திருப்பவர்களும் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். மூலையில் இருக்கும் தேதி உங்கள் பயணத்துக்குப் பிறகு வருகிறதா என்று பாருங்கள்.

ஜோகன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் தென்னாப்பிரிக்கப் போலீஸின் துப்பாக்கி அலுவலகம் இருக்கிறது. அங்கே கொடுக்க வேண்டியது எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற தற்காலிக இறக்குமதிப் படிவம். கறுப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்தை மட்டும் போடாதீர்கள். அதிகாரியின் கண் முன்னால்தான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்தால் புதுப் படிவம் எழுத வைப்பார்கள். பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், 4457, வேட்டை ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம், ஏன் இந்தத் துப்பாக்கி வேண்டும் என்று நீங்கள் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் படிவத்தோடு வையுங்கள். பெர்மிட்டுக்குக் கட்டணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் கைகள் நீளும். பெட்டி வரும் இடத்திலேயே யாராவது வந்து, "நான் சீக்கிரம் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்றால், ரசீது கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு ஆள் நகர்ந்துவிடுவார். வேட்டை ஏற்பாட்டாளர் முன்கூட்டியே பேசிவைத்து, உங்கள் பெயரெழுதிய பலகையோடு நிற்கும் உதவியாளர் வேறு. அவர் வரிசையில் வழிகாட்டுவார், அதற்குக் கூலி கேட்பது நியாயம். அவரும் உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது.

எண்ணிக்கை விஷயத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று, அதற்கேற்ற தோட்டா மட்டும். தென்னாப்பிரிக்கா துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை விடும். விமானத்தில் ஆளுக்கு 5 கிலோதான் கணக்கு, அதிலும் இரண்டு பேர் தோட்டாவை ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது. குடு வேட்டைக்கு 40 தோட்டாவே தாராளம். பெட்டி கெட்டியானதாக, நெம்பினால் திறக்காததாக இருக்க வேண்டும். சாவி உங்கள் பாக்கெட்டில். செக்-இன் கவுன்டரில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும்.

விமான வழியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம். ஹூஸ்டனிலிருந்து அட்லாண்டா போய், அங்கிருந்து நேராக ஜோகன்னஸ்பர்க் போங்கள். ஐரோப்பா வழியாகப் போனால் டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறுவதற்கே டச்சு சுங்கத்துறையின் இசைவை முன்கூட்டி வாங்க வேண்டும். நுவார்க்கிலிருந்தும் நேர் விமானம் உண்டு, ஆனால் நியூ ஜெர்சியின் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது. 2005-ல் யூட்டாவைச் சேர்ந்த ஒரு பயணி, பூட்டிய பெட்டியில் முறையாக அறிவித்த துப்பாக்கியோடு வந்தவர், நுவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். விமான நிறுவனம் கையில் கொடுத்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் செக்-இன் செய்ய வந்தபோது கைது. அவர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் தள்ளுபடி செய்துவிட்டது. பெட்டி கைக்கு எட்டாத இடத்தில் பயணம் செய்யும் வரைதான் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு, ஹோட்டலில் கைக்கு வந்தபின் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். எங்கே விமானம் ரத்தானாலும் சரி, "இரவு பெட்டியை நீங்களே வைத்திருங்கள்" என்று விமான நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள்.

இனி மச்சான் விஷயம். என்னிடம் வரும் நம்மவர்களில் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

அவர் துப்பாக்கியை உங்கள் பெயரில் எழுதாதீர்கள். அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி உரிமம் இல்லாமல் மூன்று துப்பாக்கி, ஆயிரம் தோட்டா வரை கொண்டுபோகலாம் என்ற சலுகையைக் கேள்விப்பட்டு, "மூன்றுதானே, அவருடையதையும் சேர்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சலுகை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுடைய சொந்த உபயோகத்துக்கு மட்டும். எச்-1பி-க்காரருக்குக் கிடையாது. நீங்கள் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தால் உங்கள் சலுகையும் போகும். அவர் தன் துப்பாக்கியைத் தானே கொண்டுபோக அமெரிக்க வணிகத் துறையின் உரிமம் வேண்டும். திரும்பக் கொண்டுவர, துப்பாக்கி விஷயங்களைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-ன் தனி அனுமதி வேண்டும், அதற்கு 6-என்.ஐ.ஏ. என்று ஒரு படிவம். ஒரு வார வேட்டைக்கு இவ்வளவா? அவருக்கும் வாடகை ரைஃபிள்தான்.

அதைவிட முக்கியமானது, அவர் வீட்டில் இருக்கும் துப்பாக்கி. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 எதுவானாலும் சரி, குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் நம்மவர்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். அதைக் காட்டித்தான் கடையில் வாங்கியிருப்பார். வாங்கிய அன்று மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. துப்பாக்கி அவர் வசம் இருக்கும் ஒவ்வொரு நாளும் லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடியும். நீங்கள் எல்லோரும் அன்று கும்பகோணத்தில் இருப்பீர்கள். செப்டம்பரில் வீடு திரும்பும்போது, அலமாரியில் அசையாமல் கிடந்த அந்தத் துப்பாக்கியே அவர் மேல் குற்றமாக நிற்கும். அதிகபட்சத் தண்டனை 2022 திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டு. விசாவும் போகும், கிரீன் கார்டு வரிசையும் போகும். புதிய ஆண்டுக்கான லைசென்ஸ் ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வரும், ஆன்லைனிலேயே வாங்கலாம். லிம்போபோவில் உட்கார்ந்துகொண்டே வாங்கிவிடச் சொல்லுங்கள். சில டாலர் விஷயம். இதை ஒரு நல்ல குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒருமுறை அவர் உறுதி செய்துகொள்ளட்டும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்வதில்லை. கம்பெனியின் விசா வழக்கறிஞருக்குத் துப்பாக்கி இருப்பதே தெரியாது. சொல்ல வேண்டிய அரசு, சட்டப் புத்தகத்தில் எழுதியதோடு தன் கடமை முடிந்தது என்று இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. வாடகை ரைஃபிளோடு போனாலும் சென்னையில் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது: வேட்டைப் பை. ஜாக்கெட் பாக்கெட்டிலோ பையின் ஓரத்திலோ ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தால், சென்னையில் இறங்கும்போது தப்பினாலும் திரும்பும்போது எக்ஸ்-ரேயில் தெரியும். பாதுகாப்புப் படையினர் போலீஸிடம் ஒப்படைப்பார்கள், ஆயுதச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர்., விமானம் போய்விடும். தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை வைத்து உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட எஃப்.ஐ.ஆர்.களை ரத்தும் செய்கின்றன. அதுவரை கோர்ட்டுக்கு நடப்பது நீங்கள்தான். மறந்து கிடந்த ஒரு தோட்டா என்று விமான நிலையத்திலேயே விசாரித்து முடிக்க ஒரு நடைமுறை இல்லாதது அநியாயம், ஆனால் இன்றைய நிலை அதுதான். ஆகவே வேட்டைக்குக் கொண்டுபோகும் பை வேறு, கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் பை வேறாக இருக்கட்டும். வேட்டைப் பையையும் ஜாக்கெட்டையும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தே அமெரிக்கா திரும்பும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள். கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே எல்லாப் பாக்கெட்டையும் வெளியே திருப்பி உதறுங்கள். சுட்ட காலிக் கூட்டையும் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளாதீர்கள். காட்டில் சிக்னல் இல்லாத இடத்துக்கென்று சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருந்தால் அதையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து கைதானவர்கள் இருக்கிறார்கள்.

இந்திய பாஸ்போர்ட் என்பதால் தென்னாப்பிரிக்க விசா உங்கள் இருவருக்கும் வேண்டும், கிரீன் கார்டு அதற்கு ஈடாகாது. அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், சென்னையில் துப்பாக்கியை வைத்துத் தருவதாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார். அந்த மறுப்பைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.