குழந்தையின் கட்டியில் ‘மிக்-என்’ பெருகியிருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அக்கா மகனுக்கு நியூரோபிளாஸ்டோமா (சிறு குழந்தைகளுக்கு வரும் ஒரு நரம்புசார் புற்றுக்கட்டி), பயாப்ஸி முடிந்த பிறகும் ‘மிக்-என்’ பார்க்க மெழுகு பிளாக்கை (மெழுகில் பதித்த கட்டித் துண்டை) கிருஷ்ணகிரியிலிருந்து வெளியூருக்கு அனுப்பச் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிக்-என் இரண்டாம் குரோமோசோமில் உள்ள மரபணு. சாதாரண செல்லில் இரண்டே பிரதி. இவ்வகைக் கட்டிகளில் சுமார் 20 சதவீதத்தில் அது பல மடங்கு பெருகிவிடும். பெருகியிருந்தால் பொதுவாக நோய் வேகமானது, சிகிச்சையும் கடுமையாகும்.

பெரும்பாலும் செய்வது ஃபிஷ் (மீன் இல்லை, சோதனையின் பெயர்ச் சுருக்கம்). கட்டியின் மெல்லிய சீவலில், அந்த மரபணுவோடு ஒட்டும் ஒளிரும் டிஎன்ஏ துண்டு ஒன்று, அதே குரோமோசோமின் வேறிடத்தில் ஒட்டும் வேறு நிற டிஎன்ஏ துண்டு ஒன்று சேர்ப்பார்கள். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் செல் செல்லாகப் புள்ளிகளை எண்ணுவார்கள். மரபணுப் புள்ளி மற்றதைவிட நான்கு மடங்குக்கு மேல் போனால் பெருக்கம். இரண்டாவது நிறம் எதற்கு? குரோமோசோமே கூடுதலாக இருந்தால் இரண்டு நிறமும் சேர்ந்தே கூடும். அது பெருக்கம் ஆகாது.

பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்து அளக்கும் சோதனை) சீக்கிரம் முடியும். ஆனால் அது உங்கள் ஊர் மாங்கூழ் மாதிரி, எல்லாத் தோப்புப் பழமும் கலந்துவிடும். நல்ல செல்கள் நிறைய இருந்தால் பெருக்கம் மறைந்துபோகலாம். என் ஓட்டு ஃபிஷ்ஷுக்குத்தான்.

எலும்பிலிருந்து எடுத்த துண்டு என்றால், ஆசிட்டில் ஊறவைத்தார்களா என்று கேளுங்கள்; டிஎன்ஏ சிதைந்து ஃபிஷ் சரிவராமல் போகலாம்.