மலிவான ஒளி உணரி வெடிமருந்தை எப்படி மோப்பம் பிடிக்கிறது?

கையடக்கக் கருவியால் வெடிமருந்து ஆவியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஎன்டி என்ற வெடிமருந்து என்றால் தாராளமாக முடியும். கண்ணாடித் துண்டில் ஒளிரும் பாலிமரை (நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள்) மெல்லிய படலமாகப் பூசி, சின்ன எல்இடியால் ஒளியைப் பாய்ச்சினால் அது பளிச்சென்று ஒளிரும்; டிஎன்டி மூலக்கூறு வந்து ஒட்டியதும் பாலிமரின் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், ஒளி மங்கும், அதை ஃபோட்டோடையோடு என்ற சின்ன ஒளி உணரும் பாகம் அளந்துவிடும், அவ்வளவுதான். ஏன் பாலிமர்? உள்வாங்கிய ஆற்றல் அந்த நீளச் சங்கிலியில் அலைந்துகொண்டே இருக்கும், ஒற்றையடிப் பாதையில் ஒரே ஒரு குழி இருந்தாலும் போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் விழுவது மாதிரி, சங்கிலியில் எங்காவது ஒரு டிஎன்டி மூலக்கூறு ஒட்டினாலே அந்த ஆற்றல் அதில் போய் விழுந்துவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வேதியியலாளர் டிமோதி ஸ்வேகரின் குழு 1990களில் செய்துகாட்டியது இதைத்தான். ஆர்டிஎக்ஸ் என்ற இன்னொரு வெடிமருந்துதான் தலைவலி: சாதாரண வெப்பநிலையில் அதன் ஆவி டிஎன்டியில் ஏறத்தாழ 1000-இல் ஒரு பங்குதான், அதனால் பொருளின் மேற்பரப்பைத் துடைத்து, ஒட்டிவந்த துகளைச் சூடாக்கித்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள்.