களிம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் வருகிறது!

கேள்வி: எனக்கு 47 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு முன்பு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையும் சேர்த்தார்கள். பத்து நாளாக ஆணுறுப்பின் மொட்டில் சிவப்பு, அரிப்பு. முன்தோலுக்குள் வெள்ளைப் படிவு. கிருமிநாசினி விட்டுக் கழுவுகிறேன். மருந்துக்கடைக் களிம்பில் இரண்டு நாள் அடங்கி, மறுபடி வருகிறது. ‘பாலனைட்டிஸ் (மொட்டு அழற்சி), தானாகப் போய்விடும்’ என்கிறான் நண்பன். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சோப்பு ஒத்துக்கொள்ளாமல் வந்த அழற்சி என்றால் நண்பர் சொல்வது சரி. சோப்பை நிறுத்தினால் சில நாளில் அடங்கிவிடும். உங்கள் கதை வேறு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேண்டிடா என்ற பூஞ்சையைத்தான் காட்டுகின்றன. டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. முன்தோலுக்குள் தங்கும் ஒவ்வொரு சொட்டும் பூஞ்சைக்குத் தீனி. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் இது நடக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். தொடர்வதா மாற்றுவதா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்லட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

களிம்பு டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது சிவப்பை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும். இரண்டு நாள் அடங்கி மறுபடி வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்த மெல்லிய தோலில் நாள்கணக்கில் போடுகிற மருந்தும் அல்ல அது.

பூஞ்சைதான் என்று டாக்டர் உறுதிசெய்தால், பெரும்பாலும் 1 சதவீத குளோட்ரிமசோல் களிம்பைத்தான் தருவார். தினம் இரண்டு வேளை, மெல்லிய பூச்சாக, ஒன்றிலிருந்து இரண்டு வாரம். மூன்றாம் நாளே அரிப்பு போய்விட்டதென்று நிறுத்தினால் திரும்ப வரும். இந்தக் களிம்பு ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும். குணமாகும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள். மனைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவருக்கும் சிகிச்சை வேண்டும். ஃப்ளூகோனசோல் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

கிருமிநாசினியை இன்றே விடுங்கள். ஏற்கெனவே புண்ணான தோலை அது இன்னும் எரிக்கிறது. முன்தோலை மெதுவாகப் பின்னே தள்ளி வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் தினம் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலை மறுபடி முன்னே கொண்டுவாருங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்தால் தோல் பின்னாலேயே இறுகி மொட்டு வீங்கிவிடும். அப்படி ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் பின்னே வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், வெடிப்பு விழும். சிறுநீர் கழித்த பிறகும் நுனியை ஈரமில்லாமல் ஒற்றிவிடுங்கள்.

காய்ச்சலோடு விதைப்பையிலோ ஆசனவாய் அருகிலோ கடும் வலி, வீக்கம், கருமை தெரிந்தாலும், சிறுநீர் அடைத்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் ஆறாத புண், கட்டி, வெள்ளையாகத் தடித்த தோல் இருந்தால் தோல் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கூச்சமா? ‘தோல், பால்வினை நோய்’ பிரிவில் சீட்டு வாங்கி, “சர்க்கரை இருக்கிறது, முன்தோலில் அரிப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள். பழைய டியூபையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.