எலிசபெத் காட்டனும் சரக்கு ரயிலும் – கடிதம்

வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின நாட்டார் இசைக்கலைஞர் எலிசபெத் காட்டனைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு யூட்யூபில் தேடினேன். ஒரு வாரமாக அவருடைய ‘ஃபிரைட் டிரெயின்’ என்ற சரக்கு ரயில் பாட்டுதான் காதில் ஓடுகிறது. அவரைப் பற்றி வாசித்த இடத்திலெல்லாம் ஒரே கதை. கடையில் தொலைந்துபோன குழந்தையைத் தாயிடம் சேர்த்தார், அது பெரிய இசைக்குடும்பமாக இருந்தது, அவர்கள் இவரைக் கண்டுபிடித்தார்கள். என் நண்பர் ஒருவர், “இது வெறும் அதிர்ஷ்டக் கதை. நாட்டார் பாட்டை நன்றாக வாசித்த ஒரு சமையல்கார அம்மா, அவ்வளவுதான். இதில் பாடலாசிரியர் எங்கே வந்தார்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் வாசித்த கதையில் பிழை இல்லை. 1940களின் பிற்பகுதியில், வாஷிங்டனில் லான்ஸ்பர்க் என்ற பல்பொருள் அங்காடியில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தார் காட்டன். வழிதவறி நின்ற சிறுமி பெக்கி சீகரைத் தாய் ரூத் கிராஃபோர்ட் சீகரிடம் சேர்த்தார். பிறகு அந்த வீட்டிலேயே வேலைக்குப் போனார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் கதையை அங்கே தொடங்கினால் அவருடைய முதல் ஐம்பது வருடம் காணாமல் போய்விடுகிறது. பாட்டு பிறந்ததோ அந்த ஐம்பது வருடத்தின் தொடக்கத்தில்.

வட கரோலினாவில் சேப்பல் ஹில்லை ஒட்டிய கார்பரோ என்ற சிற்றூரில் 1893இல் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் செல்லப்பெயர்தான், முறையான பெயரே கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் கேட்டபோது ‘எலிசபெத்’ என்று தானே ஒன்றை வைத்துக்கொண்டார். அண்ணன் வேலைக்குப் போனதும் அவனுடைய பாஞ்சோவைத் (கிதார் போன்ற தந்தி வாத்தியம்) திருட்டுத்தனமாக எடுத்து வாசிப்பார். பிறகு பள்ளியும் நின்றது, வீட்டுவேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 75 சென்ட். அந்தக் காசைச் சேர்த்து ஸ்டெல்லா கிதார் ஒன்று வாங்கினார். விலை 3.75 டாலர், அதாவது ஐந்து மாதச் சம்பளம். தண்டவாளம் வீட்டுக்குப் பக்கத்தில். பதினொன்று, பன்னிரண்டு வயதில் சரக்கு ரயில் பாட்டைக் கட்டிவிட்டார். செத்த பிறகு தன்னை ஒன்பதாம் எண் வண்டியின் சத்தம் கேட்கிற இடத்தில் புதைக்கச் சொல்கிற பாட்டு அது. இப்படி யோசிக்கிற சிறுமியை ‘நன்றாக வாசித்தவர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

யூட்யூபில் மறுபடி பார்க்கும்போது பாட்டை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்காகத் தந்தி கட்டிய கிதாரை அப்படியே தலைகீழாகப் பிடித்திருப்பார். அண்ணனின் வாத்தியத்தில் தந்தியை மாற்றிக் கட்ட முடியாதே, அப்படிப் பழகிய கை. இதனால் என்ன ஆகிறது? தடித்த தந்திகள் தரையைப் பார்க்கின்றன, மெல்லிய தந்திகள் மேலே வருகின்றன. மற்றவர்கள் கட்டைவிரலால் அடித்தாளம் போட்டு மற்ற விரல்களால் மெட்டை எடுப்பார்கள். இவர் சுட்டுவிரலால் அடித்தாளத்தை ஓட்டிக்கொண்டு கட்டைவிரலால் மெட்டை எடுப்பார். ஒரே கிதாரில் ரயில் ஓடுகிற சத்தமும் பாட்டும் சேர்ந்து கேட்பதன் ரகசியம் இந்த விரல் மாற்றத்தில் இருக்கிறது. கிதார் கற்பவர்கள் இதற்கு அவர் பெயரையே வைத்து ‘காட்டன் பிக்கிங்’ என்கிறார்கள். பெரும்பாலோர் கிதாரை நேராக வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். ஸ்வரங்கள் அனைத்தும் சரியாக விழும், அந்தக் கட்டைவிரலின் கனம் மட்டும் வராது.

1910இல் கல்யாணம், பிறகு ஒரு பெண் குழந்தை. தேவாலயத்தில் லௌகீகப் பாட்டு வேண்டாம் என்றார்கள். கிதார் மூலைக்குப் போனது. அதன்பின் பல பத்தாண்டுகள் அடுத்தவர் வீட்டு வேலை.

சீகர் வீட்டுக்கு வருவோம். எனக்கு இதில் தொலைந்த குழந்தையைவிடச் சுவாரசியமானது வேறொன்று. ரூத்தின் கணவர் சார்லஸ் சீகர் இசையறிஞர். ரூத் நவீன இசையமைப்பாளர், கள ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு நாட்டார் பாடல்களை இசைக்குறிப்பாக எழுதியவர். எங்கெங்கோ கிராமங்களில் பதிவான குரல்கள் ஓடிக்கொண்டிருந்த வீட்டில், சமையலறையில் இருந்தவர் பாடக்கூடியவர் என்பது சில காலம் யாருக்கும் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த கிதாரை ஒருநாள் அவராக எடுத்து வாசித்ததைப் பெக்கி பார்த்துவிட்டாள். இதில் யார் யாரைக் கண்டுபிடித்தது? நாற்பது வருடம் கழித்தும் மெட்டை மறக்காமல் வைத்திருந்த விரல்களுக்குக் கொஞ்சமாவது பங்கு தரவேண்டாமா?

உங்கள் நண்பரின் கேள்விக்கு நேரான பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. 1950களின் நடுவில் அங்கே போன பெக்கி இந்தப் பாட்டைப் பாடினார். கேட்டவர்களுக்கு அது அமெரிக்கப் பழம்பாட்டு, ஆசிரியர் இல்லாத சொத்து. பால் ஜேம்ஸ், பிரெட் வில்லியம்ஸ் என்ற பெயர்களில் அதற்குக் காப்புரிமை பதிவானது. 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. பீட்டில்ஸ் உருவாவதற்கு முன்னால் ஜான் லென்னனின் குவாரிமென் குழுவும் இதை வாசித்தது. பாட்டைக் கட்டியவர் அப்போது வாஷிங்டனில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பம் வழக்குப் பேசித்தான் அவருக்கு உரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த பல தட்டுகளிலும் அந்த இரண்டு பெயர்கள் தொடர்ந்தன.

நாட்டார் பாட்டு என்று முத்திரை குத்தியவுடன் அதை யாரோ எப்போதோ பாடியதாக நினைத்துக்கொள்கிறோம். கறுப்பினத்து வேலைக்காரப் பெண் பாடினால் அந்த நினைப்பு இன்னும் எளிதாக வந்துவிடுகிறது. அந்தத் திருட்டுக்கு வழிவிட்டதே இந்த நினைப்புதான். உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். ஆனாலும் அவர் நிற்கிற இடம் அதுதான்.

பிந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெக்கியின் அண்ணன் மைக் சீகர் காட்டனின் வீட்டுப் படுக்கையறையிலேயே ஒலிப்பதிவு செய்தார், 1958இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை முதல் தட்டாக வெளியிட்டது. அறுபதைத் தாண்டிய வயதில் மேடையேறினார், 1964இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடினார். அப்போதும் வீட்டுவேலையை விடவில்லை. 1978இல் நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸில் குடியேறினார். தொண்ணூறைத் தாண்டி கிராமி விருது வந்தது. 1987இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொள்ள 2022 ஆகிவிட்டது.

நண்பருக்கு ‘ஓ பேப், இட் எயின்ட் நோ லை’யைப் போட்டுக்காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன பொய்யால் தனக்கு அடி விழுந்ததை வைத்துச் சிறுவயதில் கட்டிய பாட்டு. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு பின்னால் இதை எடுத்துப் பாடியது. பிறகு 1967இல் வந்த ‘ஷேக் ஷுகரீ’. அதில் பாடுவது அவருடைய பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸ், காட்டன் கிதார் மட்டும் வாசிக்கிறார். வரிகளை வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கட்டியவை என்பதை அவர் மறைக்கவே இல்லை.

அன்புடன்.