பயந்த கொக்கட்டீல் கிளியைக் கைக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி: கந்தப்பளையில் கரட், லீக்ஸ் பயிரிடுகிறேன். கொழும்பிலிருந்த மைத்துனர் வெளிநாடு போகும்போது தமது சாம்பல் நிறக் கொக்கட்டீல் கிளியை எங்களிடம் விட்டுச் சென்றார். இரண்டு மாதமாகியும் கூட்டருகே போனாலே சீறுகிறது, கம்பிகளில் மோதுகிறது. பழகட்டும் என்று தினமும் துவாயால் பிடித்து மடியில் வைத்திருக்கிறோம். அப்போது அசையாமல் இருக்கும், விட்டதும் பழையபடிதான். குளிருக்காகக் கூட்டை அடுப்படியில் வைத்துள்ளோம். சிறகை வெட்டி, ஒரு நாள் பட்டினி போட்டால் கைக்கு வரும் என்றும், இல்லாவிட்டால் மரப்பொந்திலிருந்து ஒரு குஞ்சை எடுத்துத் துணைக்கு விடலாம் என்றும் அயலவர் சொல்கிறார். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: சிறகை வெட்டவும் வேண்டாம், பட்டினி போடவும் வேண்டாம். இன்றைக்கே நிறுத்த வேண்டியது துவாயால் பிடிப்பதை. மடியில் அது அசையாமல் இருப்பதைப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில், தப்ப வழியே இல்லை என்று கண்ட பறவை பயத்தில் உறைந்துபோயிருக்கும் நிலை அது. கிளி பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் இனம் என்பதால், மேலிருந்து இறங்கி உடலைச் சுற்றிப் பிடிக்கும் எதையும் அது வேட்டையாகவே உணரும். நீங்கள் தினமும் அந்த வேட்டையை ஒருமுறை நடத்திக் காட்டிவிட்டு, மாலையில் அதே கையால் தீனி வைக்கிறீர்கள். சிறகை வெட்டினாலும் பயம் குறையாது; பறந்து விலகும் வழியும் அடைபட்டுப் போவதால், அதற்குக் கடிப்பது ஒன்றே மிஞ்சும்.

பயிற்சிக்கு முன் கூட்டை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். பறவையின் சுவாச உறுப்புகள் மிக மென்மையானவை. விறகுப் புகையே அதற்குக் கெடுதி, ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் ஆவியோ சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். முன்னறையில், ஒரு பக்கம் சுவரோடு சேர்ந்திருக்கும்படி, உங்கள் கண் மட்டத்துக்குக் கூட்டை உயர்த்தி வையுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து எதுவும் வராது என்ற உறுதியே பாதிப் பயத்தைத் தணிக்கும். வளர்ந்த, சுகமான கொக்கட்டீல் ஈரமில்லாத, காற்று நேரே அடிக்காத இடத்தில் வீட்டுக்குள் இருக்கும் குளிரைத் தாங்கும். தை, மாசிப் பனிக்காலத்தில் மட்டும் இரவில் மூன்று பக்கமும் துணியால் மூடி, ஒரு சிறிய மங்கலான விளக்கை எரியவிடுங்கள். இந்த இனம் இருட்டில் லொறி வெளிச்சமோ எலியின் அசைவோ பட்டால் திடுக்கிட்டுக் கூட்டில் அடித்துக்கொள்ளக்கூடியது. மெல்லிய வெளிச்சம் இருந்தால் தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும்.

இன்னொன்று, தோட்டத்தில் மருந்தடித்துவிட்டுக் கொங்காணியோடும் தொப்பியோடும் நேரே கூட்டருகே போகாதீர்கள். உருவம் மாறினாலே கிளி மிரளும், மருந்தின் வாடையும் அதற்கு ஆகாது. குளித்து உடை மாற்றிய பிறகு போங்கள்.

இனி அதன் உடலைப் படிக்கப் பழகுங்கள். கொண்டை பாதி சாய்ந்து, இறகுகள் சற்றுத் தளர்ந்து, ஒரு காலை மடக்கி நின்றாலோ அலகை மெல்ல அரைத்தாலோ அது நிம்மதியாக இருக்கிறது. கொண்டை நேரே நிமிர்ந்து, இறகுகள் உடலோடு ஒட்டி மெலிந்ததுபோல் தெரிந்தால் எச்சரிக்கையாகிவிட்டது என்று கொள்ளலாம். கொண்டை தலையோடு படிந்து, வாய் திறந்து சீறினால் நீங்கள் எல்லை தாண்டி வெகு நேரமாகிவிட்டது. கொண்டை நிமிரும் அந்தக் கணத்திலேயே ஓரடி பின்வாங்குங்கள். முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது. சீறிய பிறகுதான் நீங்கள் விலகுவீர்களானால், சீறினால் பலன் உண்டு என்று கற்கும். சீறியும் விலகாவிட்டால் அடுத்த தடவை நேரே கடிக்கும். முன்கூட்டியே விலகினால், தன் சிறு அசைவையும் இந்த மனிதர் மதிக்கிறார் என்பதை அது மெல்ல அறியும்.

கொண்டை தளர்ந்தே இருக்கும் தூரத்தில், அறையின் மறுகோடியாக இருந்தாலும் சரி, ஒரு கதிரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். நேரே உற்றுப் பார்க்க வேண்டாம். இரண்டு கண்ணாலும் நேரே பார்ப்பது வேட்டை விலங்கின் பார்வை. தினசரித் தீனியில் சூரியகாந்தி விதையும் தினைக் கதிரும் இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்றத் தீனியை வழக்கம்போல் வையுங்கள். எடுத்தவை இனி உங்கள் வருகையோடு மட்டுமே வரட்டும். காலைத் தீனிக்கு முன்னும் மாலையிலும், மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு தடவையும் கூட்டருகே போய்த் தினைக் கதிரின் ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உடனே விலகுங்கள். உங்களைக் கண்டதும் கிண்ணத்தை நோக்கி நகரத் தொடங்கினால் கதிரையைச் சிறிது முன்னே நகர்த்தலாம்.

கம்பி வழியாக உங்கள் கையிலிருந்து தினைக் கதிரைக் கொறிக்கும் நிலை வந்ததும் ஓர் ஈர்க்குக் குச்சியை எடுங்கள். குச்சி நுனியை அலகால் தொட்ட அதே நொடியில் நாக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பி, ஒரு விதை கொடுங்கள். ஒலி எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும், விதை தவறக்கூடாது. குச்சியைத் தேடி இரண்டடி நடக்கக் கற்ற கிளியை, கதவைத் திறந்து வைத்து வெளியே உள்ள ஒரு கொப்புக்கும், பின்னர் அந்தக் கொப்பைப் பிடித்திருக்கும் உங்கள் கைக்கும் அழைக்கலாம். கதவைத் திறக்கும் முன் சன்னல்களைத் திரையிட்டு, பூனையை வெளியே விடுங்கள். கை எப்போதும் கிளியின் மார்புக்குக் கீழிருந்து வர வேண்டும். ஏறியதும் இறுக்கிப் பிடிக்காமல், இறங்க விரும்பினால் இறங்க விடுங்கள். திரும்பப் போகலாம் என்று தெரிந்த கிளிதான் மறுபடியும் ஏறும். துவாயின் நினைவு இருப்பதால் இதற்கு வாரங்கள் அல்ல, மாதங்களும் ஆகலாம். பிள்ளைகள் முதல் கட்டத்தில் கதிர் போடுவதோடு நிற்கட்டும்.

பரிசாக எதைக் கொடுத்தாலும் ஆனைக்கொய்யா (அவகாடோ) கூடவே கூடாது. நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதால் சொல்கிறேன், அது கிளிக்கு நஞ்சு. தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் வேண்டாம். மருந்தடிக்காத பாத்தியின் கரட் இலையைக் கழுவிக் கொடுக்கலாம்.

மரப்பொந்துக் குஞ்சு பற்றிய யோசனையை மறந்துவிடுங்கள். அது இலங்கையில் மட்டுமே வாழும் லெயார்ட் கிளியாகவும் இருக்கக்கூடும்; அதற்கு 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தவிரவும், பயந்த கிளிக்குத் துணை கிடைத்தால் அது உங்களிடம் வரும் தேவையே குறைந்துவிடும்.

இறகைப் புடைத்துக்கொண்டு கூட்டின் அடியில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ அது பயம் அன்று, நோய். பயிற்சியை நிறுத்திவிட்டு அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் அழற்சியாகத் தொற்றும் நோயும் உண்டு என்பதால், எச்சத்தைக் கூட்டும்போது நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து கூட்டுங்கள்.